தாய்மாமனுக்கு விசா

போன மாதம் ஒரு நாள் காலையில் மாதையன் சிரித்துக்கொண்டே என் வீட்டுக்கு வந்தார். மொரப்பூரில் எனக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். மஞ்சள் விலை விழுந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

“சம்பந்தி பையனுக்கு நம்ம கவுருமெண்டு இன்னும் விசா குடுக்கலீங்களாம்” என்றார்.

இதற்கா சிரிப்பு?

காரணம் இருக்கிறது. மாதையனின் மகன் ஐரோப்பாவில் ஒரு நாட்டில் வேலை பார்க்கிறான். நாட்டின் பெயர் வேண்டாம் — நாளைக்கு எனக்கும் அங்கே விசா தேவைப்படலாம். அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். கல்யாணத்துக்குப் போக மாதையன் பட்டா, பாஸ்புக் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு விசா கேட்டுச் சென்னைக்கு ஓடினார். இவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அறுவடைக்கு நிற்கிற மஞ்சளை விட்டுவிட்டு இந்த மனுஷன் எங்கே போய்விடுவார்? பேரன் பிறந்ததும் மறுபடி கேட்டுப் பார்த்தார். மறுபடியும் இல்லை.

இப்போது அந்தப் பேரனுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை. பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி, சித்தேரி மலையடிவாரத்து முனியப்பன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே மொட்டை போட வேண்டும்? தாய்மாமன் பெயர் மார்ட்டின். பயணத்தின் நோக்கம் என்ன என்ற கேள்விக்கு, ‘அக்கா மகனை மடியில் வைத்துக்கொள்வது’ என்று நேர்மையாக எழுதிவிட்டாராம். படித்த அதிகாரி என்ன நினைத்தாரோ... விளக்கம் கேட்டு நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் அவர்களும் அலையட்டும், அப்போதுதான் நம் கஷ்டம் புரியும் என்றார் மாதையன். நானும் தலையாட்டினேன்.

சந்தோஷம் ஒரு வாரம்தான். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று, ஆட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அப்புறம்தான் உறைத்தது — மாமன் வராவிட்டால் மடிக்கு எங்கே போவது? சொந்தத்தில் யாராவது ஒருவரை உட்கார வைக்கலாமே என்றேன். மாதையனின் மனைவி முறைத்தார். “மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப இன்னொருத்தரு மடியிலீங்களா?”

அதன்பின் மாதையன் மகனுக்குத் தினமும் போன் போட்டார். விசா வந்தால் சேவல் அறுக்கிறேன் என்று முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டார். ஒரு வெள்ளைக்காரர் இந்தியாவுக்கு வர வேண்டும் என்று நேர்ந்துகொண்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்!

விசா வந்தது. சேவல் போனது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மகனிடமிருந்து போன். அங்கே ஏர்போர்ட்டில் நிற்கிறார்களாம். குழந்தையின் விசா எங்கே என்று கவுண்டரில் கேட்கிறார்களாம்.

குழந்தைக்கா?

அங்கே பிறந்தவன். அந்த நாட்டு பாஸ்போர்ட். சட்டப்படி வெளிநாட்டுக்காரன். மருமகளுக்குக் கல்யாணமான புதிதிலேயே எடுத்த விசா இருந்தது. மாமனுக்காக அத்தனை பேர் பதறினோமே, பேரனுக்கு விசா வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை — பத்தி எழுதுகிற என்னையும் சேர்த்துத்தான். நம்ம வீட்டுப் பிள்ளை நம்ம வீட்டுக்கு வர விசா என்று யாருக்குத் தோன்றும்?

மகனும் மருமகளும் குழந்தையோடு அங்கேயே நின்றுவிட்டார்கள். நீயாவது போ, அப்பா ஏமாந்துவிடுவார் என்று மார்ட்டினை மட்டும் விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள்.

ஆக, மடி வந்துவிட்டது. தலைதான் வரவில்லை.

கோயிலில் மார்ட்டின் வேட்டி கட்டிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அட்வான்ஸ் கொடுத்த ஆட்டையும் அழைத்த ஊரையும் என்ன செய்ய முடியும்? கறி விருந்து நடந்தது. மாதையன் எல்லோருக்கும் ஓடி ஓடிப் பரிமாறினார். அவர் இலையில் உட்காரவே இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

அன்று சாயங்காலமே பேரனுக்கான விண்ணப்பத்தை என் லேப்டாப்பில் நிரப்ப உட்கார்ந்தோம். படிப்பு என்ன? தொழில் என்ன? பல் முளைக்கிற வயதில் என்ன தொழில் இருக்கும்... ஏதோ போட்டோம். அடுத்து, இந்தியாவில் தெரிந்த நபர் யார் என்று ஒரு கட்டம். மாதையனின் பெயரையும் விலாசத்தையும் அடித்தேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சவருன்னு போட்டுட்டீங்க... எம் பேரன நான் இன்னும் நேர்ல பாக்கவே இல்லீங்களே.”

தவறான தகவல் தந்தால் விசா மறுக்கப்படும் என்று கீழே எழுதியிருந்தது. நான் அதைப் படிக்காத மாதிரி பட்டனைத் தட்டிவிட்டேன்.