நீல மூடி

இருமல் மருந்துப் போத்தலின் நீல மூடி ஒன்று என் அலுமாரியில் கிடக்கிறது. மகன் வயிற்றில் இருந்தபோது, இடுப்புவலிக்கென்று மாமியார் பின்னேரங்களில் அதில்தான் சாராயம் ஊற்றி, மிளகு தட்டிப் போட்டுத் தருவார். அவரும் தன் காலத்தில் அப்படிக் குடித்தவர்தான். மஹய்யாவவில், நகரத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில், எங்கள் வீட்டு வரிசையில் அதை யாரும் குடி என்று சொல்வதில்லை. அது கைமருந்து.

கிளினிக்கில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கும் மிட்வைப் மிஸ்ஸி யாழ்ப்பாணத்துக்காரி. கசங்காத சாரி, அளந்து பேசும் வாய். முதல் நாளே என்னைத் திரைக்குப் பின்னால் இருத்தி, "குடிக்கிற பழக்கம் இருக்கோ?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. தெருக் கூட்டுகிறவர் வீட்டு மருமகள் என்றால் குடிகாரி என்று முடிவு கட்டியாயிற்றா? இல்லை என்று வெடுக்கெனச் சொன்னேன்.

எங்களை மட்டும்தான் கேட்கிறாரா என்று பார்க்க, தெருமுனைக் கடைக்கார முஸ்லிம் நானாவின் மனைவி உள்ளே போனபோது திரையோரம் காதை வைத்தேன். அதே கேள்வி. "அது ஹராம் மிஸ்" என்று அவள் சிரித்தாள். அப்போதும் என் மனம் ஆறவில்லை. எனக்குக் கேட்கட்டும் என்றே கேட்டிருப்பார் என்று நினைத்தேன். சந்தேகம் பிடித்தால் அப்படித்தான்.

வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கிய பிறகு, "இடுப்பு நோவுக்கு வீட்டில என்ன தருவினம்?" என்று மிஸ்ஸி சாதாரணமாகக் கேட்டார். நானும் பெருமையாகவே சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவரின் கை நின்றது. நைசாகப் பேசிக் கறந்துவிட்டாளே என்று பட்டது. பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்றுகூட நினைப்பு ஓடியது. அவர் கதிரையை அருகே இழுத்துப் போட்டு, "இண்டையோட விடுங்கோ. சாராயம் வயித்துப் பிள்ளையின்ர மூளைக்குக் கூடாது. மாமியோட நான் கதைக்கிறன்" என்றார்.

"புள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமா மிஸ்ஸி?"

"தெரியாது பிள்ளை. அதை இப்ப ஒருத்தராலயும் சொல்லேலாது."

ஒன்றுமில்லை என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆத்திரமாக வந்தது. ஆனால் அன்றைக்குத்தான் அவரை நம்பவும் தொடங்கினேன். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து பேசிப் போன பின்னேரம், மாமியார் முணுமுணுத்துக்கொண்டே இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்.

மிஸ்ஸி மாற்றலாகிப் போய்விட்டார். மகன் பள்ளிக்கூடம் போகிறான். தங்கமான பிள்ளை. கணக்குத்தான் வரவில்லை, சொன்னதை உடனே மறக்கிறான் என்கிறார் டீச்சர். எந்தப் பிள்ளைதான் மறக்காது என்கிறார் மாமியார். இருக்கலாம். மிஸ்ஸிமேல் எனக்கிருந்த சந்தேகமெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனால் அவன் ஒரு கூட்டலில் தடுமாறி என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், என் கண் அலுமாரிப் பக்கம், அந்த நீல மூடியைத் தேடிப் போகிறது.