பச்சைப் பொத்தான்

என் பக்கங்களுக்கு மட்டும் ஒப்புதல் மிக விரைவாக வந்துகொண்டிருந்தது. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கிற்று.

சிறு நூலகங்கள் இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு திறமூல மென்பொருளின் ஆவணக் குழுவுக்கு, பணி ஓய்வுக்குப் பிறகு, தலைவராக இருந்துவருகிறேன். நிரல் எழுதுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். தமிழ்க் கையேட்டை எழுதும் நாங்கள் மூவரும் சிங்கப்பூரில். எங்களிடம் ஒரு விதி உண்டு. எவரும் தாம் எழுதியதைத் தாமே கையேட்டில் சேர்க்கக் கூடாது. மற்றொருவர் அதைப் படித்து, குறை இருந்தால் பக்கத்தின் கீழேயே எழுதி, அது சரியான பிறகே ஒப்புதல் தர வேண்டும். அந்தக் குறிப்புகளை யாரும் பார்க்கலாம், அவை அழிவதில்லை. விதியை வகுத்தவன் நான்.

மற்ற இருவரில் ஒருவர் உட்லண்ட்ஸில் வசிக்கும் பெண்மணி. எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜொகூரில் வேலை; இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தில் பேருந்து நகராமல் நிற்கும் நேரமே அவர் எங்கள் பக்கங்களைப் பார்க்கும் நேரம். மற்றவர் தேக்கா பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இவர்கள் ஒருவர் எழுதியதில் மற்றவர் ஒரு காற்புள்ளிக்குக்கூட மல்லுக்கு நிற்பார்கள். என் பக்கத்துக்கோ, அனுப்பிய கையோடு "நன்று, சார்" என்று வந்துவிடும்.

இதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள எளிய மனம் வேண்டும். எனக்கு அது வாய்க்கவில்லை. தலைவர் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. கிழவர் பிழையோடு வெளியிடட்டும், பிறகு அதைக் காட்டியே இறக்கிவிடலாம் என்று காத்திருக்கிறார்களோ? பணியில் இருந்த காலம் முழுவதும், நான் கையெழுத்திட்ட அறிக்கையில் ஒருவரும் குறை கண்டதில்லை. அந்தப் பெயரை இந்த வயதில் இழக்க நான் ஆயத்தமாக இல்லை.

ஆகவே சோதித்தேன். புத்தகத்தைத் திரும்பப் பெறும் முறையை விளக்கும் பக்கத்தில், "மேல் மூலையிலுள்ள பச்சைப் பொத்தானை அழுத்தவும்" என்று ஒரு வரி சேர்த்தேன். எங்கள் மென்பொருளில் பச்சைப் பொத்தானே கிடையாது. பெண்மணியிடமிருந்து உடனே வந்தது: "நன்று, சார்."

மறுநாள் காலை கையேட்டைத் திறந்தால், என் வரியைக் காணோம். அவ்விடத்தில் சரியான வரி இருந்தது. பக்கத்தின் வரலாற்றுப் பதிவைப் பார்த்தேன்: மாற்றியவர் அதே பெண்மணி. அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தவர் கடைக்காரர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பழைய பக்கங்களையும் புரட்டினேன். பலவற்றில் இதே கதை: முதலில் ஒப்புதல், பின்னால் ஓசையின்றித் திருத்தம்.

சனிக்கிழமை, வழக்கம்போல் சிராங்கூன் சாலை உணவகத்தில் கூடினோம்.

"பச்சைப் பொத்தான் எங்கே?" என்று கேட்டேன்.

பெண்மணியின் கை தே தாரிக் தேநீர்க் குவளையருகே நின்றுவிட்டது. கடைக்காரர் பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை.

"மாட்டிக்கிட்டோம்லா," என்றார் அவர் பெண்மணியிடம். "சார் வேணும்னேதான் போட்டிருப்பாருன்னு நான் அப்பவே சொன்னேன். இவங்கதான் சார், உங்களுக்குக் கண்ணு சரியில்ல, என் கடைக்கு அனுப்பி வைக்கணும்னாங்க."

"ஐயோ, சும்மா இருங்கண்ணே!"

"என் முதுகுக்குப் பின்னால் இது எத்தனை நாளாக நடக்கிறது?"

பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். "சார், ஆரம்பத்துல உங்க பேஜ் கீழ நான் ஒரு கமெண்ட் போட்டேன், ஞாபகம் இருக்கா? ரெண்டு வாரம் நீங்க குரூப்ல பேசவே இல்ல. அது பப்ளிக் சார், எல்லாரும் பாப்பாங்க. உங்க பேருக்குக் கீழ 'தப்பு'ன்னு நான் எப்படி எழுதுறது? அதான் அப்ரூவ் பண்ணிட்டு, அப்புறமா சைலண்டா மாத்திடுவோம்."

"தேர்தலுக்காக இல்லையா?"

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த வேலையா? சும்மா குடுத்தாலும் வேணாம் சார். வெளிநாட்டுக்காரங்களோட அந்த மீட்டிங்கெல்லாம் யாரு உக்கார்றது? நீங்க நிக்கலைன்னா எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் தலையில விழும்லா!"

நான் சிரிக்கவில்லை. என் பெயரைக் காப்பதாக எண்ணி அவர்கள் செய்தது, அந்தப் பெயருக்கே கேடு. பக்க வரலாற்றைப் பார்க்கும் எவரும், தலைவர் எழுதியதை யாரும் படிக்காமலே ஏற்கிறார்கள் என்றல்லவா நினைப்பார்?

"இனிமேல் குறை இருந்தால் கீழேயே எழுதுங்கள். விதி அதுதான்."

"நெஜமாவா சார்? அப்புறம் பேசாம இருந்துட மாட்டீங்களே?"

தேநீருக்கான காசை எடுத்து வைத்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த வாரம் உறுப்பினர் அட்டை பற்றிய பக்கத்தை அனுப்பினேன். பகல் முழுதும் ஒப்புதல் வரவில்லை. மாலையில், பேருந்து கடற்பாலத்தில் நிற்கும் நேரத்தில், ஒரு குறிப்பு வந்தது: "சார், அட்டையை அச்சிடும் முன் சேமிக்க வேண்டும். அந்த வரி விடுபட்டுள்ளது."

உலகமே பார்க்கும் இடத்தில், என் பெயருக்கு நேர் கீழே. மென்பொருளைத் திறந்து, அவர் சொன்னதைச் சோதித்தேன். நம்பிக்கையில்லாமல் மறுபடியும் சோதித்தேன். அவர் சொன்னது சரி. "நன்றி. சேர்த்துவிட்டேன்" என்று அங்கேயே எழுதினேன். கடைக்காரர் அதன் கீழ் ஒரு கட்டைவிரல் படம் போட்டார். அது பாராட்டா, கேலியா என்று வெகுநேரம் யோசித்தேன்.

தேர்தலில் என்னை எதிர்த்து எவரும் நிற்கவில்லை. அந்த வேலை சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.