கண்ணாடிக்குள் விரிந்த கை

விருதுநகரில் ஒரு நாளிதழின் மருத்துவப் பக்கத்துக்கு எழுதுகிறவள் மாரிசெல்வி. விலங்கியல் படித்தவள். கல்லூரியில் தவளையின் இதயம் தட்டில் தனியே கிடந்து துடிப்பதைப் பார்த்த அன்று பிடித்துக்கொண்ட வியப்பு, அவளை விடவேயில்லை. ஸ்கேன் படங்களைப் பற்றி எழுதினாலும், காது கேளாத குழந்தைக்குப் பொருத்தும் கருவியைப் பற்றி எழுதினாலும், உடம்பு என்பது நாம் குடியிருந்தும் முழுசாகச் சுற்றிப் பார்க்காத வீடு என்று அவளுக்குத் தோன்றும்.

போன மாசியில், எம். புதுப்பட்டிக்குச் சண்முகத்தாயைப் பார்க்கப் போனாள். பட்டாசு விபத்தில் வலது முன்கையை இழந்தவள் சண்முகத்தாய். தசை அசைவை அறிந்து விரல் மடக்கும் மின்கை ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். 'மீண்டு வந்த கை' என்று நாளிதழின் ஆசிரியர் தலைப்பையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

கை பீரோவுக்குள் இருந்தது.

"ஏன்க்கா மாட்டலையா?"

சண்முகத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "பளைய கை இன்னும் போகலை தாயி. இங்கனதான் இருக்கு. அன்னைக்கு மூடுனது மூடுனபடியே. நகம் உள்ளங்கையில குத்துது. அது மேல இதை எப்படி மாட்ட? வெளிய சொன்னா பேய் பிடிச்சிருக்கும்பாக."

ஜன்னல் வெயில் விழுந்த அந்த வெற்றிடத்தை மாரிசெல்வி பார்த்தாள். அங்கே இருக்கும் கையை இடித்துவிடாதபடி சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"பேய் இல்லக்கா. கை போனாலும் மூளைக்குள்ள அது இருந்துக்கிட்டேதான் இருக்கும். நெறைய பேருக்கு இப்படி உண்டு."

மறுவாரம் இருவரும் மதுரையில் ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு கண்ணாடியை இரு கைகளுக்கும் நடுவில் நிறுத்தினாள்; குறைந்த கை அதன் பின்னால் மறைந்தது. சண்முகத்தாயின் இடது கை அதில் வலது கையாகத் தெரிந்தது.

"ரெண்டு கையையும் விரிக்கிறதா நெனச்சுக்கிட்டு, கண்ணாடியைப் பார்த்து மெல்ல விரிங்க."

தூக்கம் கலைவதைப் போல, கண்ணாடிக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. சண்முகத்தாய் கண்ணாடியை நோக்கிக் குனிந்தாள்.

"விட்டுருச்சு தாயி... நகம் விட்டுருச்சு!"

அழுதுகொண்டே அவள் விரல்களை விரித்து மூடி விரித்தாள். சாயங்காலமே வலி திரும்பியது. ஆனால் வீட்டில் கண்ணாடி வைத்துப் பழகப் பழக, அது வருவது குறைந்தது.

ஆசிரியர் சொன்ன தலைப்பை விட்டுவிட்டு மாரிசெல்வி இதையே எழுதினாள். கட்டுரை வந்த காலையில் அச்சங்குளத்திலிருந்து ஒருவர் போனில் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"நானும் யார்ட்டயும் சொன்னதில்லம்மா. மழை பெஞ்சா என் கால் நனையுது."

"எந்தக் காலுங்கய்யா?"

"இல்லாத கால்."

"வீடு எங்கன? நான் இப்பவே வாரேன்," என்று மாரிசெல்வி பையை எடுத்தாள்.