ஆத்தா இறங்கிய பிள்ளை

இந்த ஊரில் பெரியவர்கள் என் ஏழு வயது மகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். அண்ணா, ரங்கூனில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கோ முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

தாயில்லாப் பிள்ளை வள்ளியை நீங்கள் அறிவீர்கள். நம் கடையைப் பறிமுதல் செய்ய வந்த சிப்பாய்கள் தகரக் கதவை இடித்தபோது அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்து நடுங்கியவள். கப்பலேறி வந்து, படப்பைக்குப் பக்கத்தில் இந்தக் கிராமத்தில் ஒண்டினோம். அரிசி மில்லில் எனக்கு மூட்டை தூக்கும் வேலை. "பர்மாக்காரன், இன்னா ஆளுங்களோ" என்று கிணற்றில் தண்ணீர் சேந்த விடவில்லை.

போன ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பம்பை அதிர்ந்ததும் வள்ளி வெடவெடவென்று நடுங்கிக் கண் சொருகினாள். "ஆத்தா எறங்கிட்டாடீ!" என்று கத்தினார் பக்கத்து வீட்டு முனியம்மாக்கா. கற்பூரம் காட்டி, "தாயே, எங்க மேல இன்னா கோவம்?" என்று கேட்டார்கள். பர்மாவில் அவள் அம்மா இருந்தபோது தனக்காப் பட்டையைச் சந்தனம்போல் அரைத்துப் பூசிய கன்னத்தில் அன்று மஞ்சள் தண்ணீர் வழிந்தது. என்னைக் கிணற்றடியிலிருந்து விரட்டியவரே அவள் காலில் விழுந்தார். பிள்ளை பயந்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்; சொல்லவில்லை. மறுநாளே கிணற்றில் சேந்த விட்டார்கள். வீடு தேடி மோர் வந்தது. மகள் நடுங்கிச் சம்பாதித்த மோரை நான் குடித்தேன், வெட்கங்கெட்டவன்.

இன்று மறுபடியும் கூழ் ஊற்றுகிறார்கள். காலையில் முனியம்மாக்கா பிள்ளைக்கு உடுத்த மஞ்சள் பாவாடையோடு வந்தார். பார்த்ததுமே வள்ளி பாயைச் சுற்றிக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள்.

"இன்னாபா, கொயந்தைய இன்னும் குளிப்பாட்டலியா? பம்பைக்காரன் வந்துகினு கீறான்."

"அது ஆத்தா இல்லக்கா. சத்தம்னா அவளுக்குப் பயம். அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்."

"பயம் இல்லாம ஆத்தா எப்டிபா வருவா?" என்று சிரித்தார்.

நாளைக்குக் கிணற்றடியில் என்ன சொல்வார்களோ தெரியாது. வள்ளியைத் தோளில் போட்டுக்கொண்டு படப்பைச் சாலையில் வேகமாக நடந்தேன். சத்தம் தேய்ந்த பிறகுதான் அவள் தலை தூக்கினாள்.

"மறுபடியும் கப்பலுக்குப் போறோமாப்பா?"

"இல்லம்மா. சத்தம் அடங்கினதும் நம்ம ஊருக்குத் திரும்பிடலாம்."

"எந்த ஊருக்குப்பா?"