நித்தியகல்யாணிக்கு இரண்டாம் சீட்டு

இடது கைப் பெருவிரல் காய்ந்த தண்டை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை ஊசியைத் தாளின் அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, தண்டைச் சுற்றி, ஏறிய துளைக்குப் பக்கத்திலேயே கீழே இறக்கியது. நூல் இறுகியதும் பெருவிரல் ஒரு விரற்கடை நகர்ந்தது. இலைகளில் ஒன்று மட்டும் குப்புறத் திருப்பப்பட்டிருந்தது, அடிப்பக்கத்து நரம்பும் தெரிய வேண்டும் என்பதற்காக. பூக்கள் மூன்று. ஒன்று முகம் காட்டி, ஒன்று பக்கவாட்டில், ஒன்று குழாய் பிளந்து. காய் வெடித்து உதிர்ந்த கருநிற விதைகள் சிறு காகிதப் பொட்டலத்தில் மடித்து ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தன.

பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே, இரண்டு பலகைகளுக்கிடையில், மேலே அம்மிக்கல்லை ஏற்றி எட்டு நாள் அமுக்கி வைத்த செடி. தினமும் காலையில் தாள் மாற்ற வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பூஞ்சை பிடித்துவிடும். இதே செடியை முதல்முறை அனுப்பியபோது அப்படித்தான் ஆயிற்று. அப்போது தாள் மாற்ற வீட்டில் யாருக்கும் நினைவிருக்கவில்லை.

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார் சண்முகையா. செடி தயார். அதனோடு போக வேண்டிய சீட்டுதான் பாக்கி.

அவர் சங்கரன்கோவில் தெற்கு ரதவீதியில் ஒரு நாட்டுமருந்துக் கடையில் பதினெட்டு வருடமாக நிறுத்துக் கொடுப்பவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. செடிகளைக் கையால் தொட்டும் கசக்கி முகர்ந்தும் தெரிந்துகொண்டவர். கடைக்குப் பச்சிலை கொண்டுவருபவர்களிடம், எந்த ஊரில் எந்தக் கரையில் பறித்தது, அங்கே அதை என்ன பெயர் சொல்லுவார்கள் என்று கேட்காமல் மூட்டையை இறக்க விடமாட்டார். 1949இல் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தாவரப் பாடம் நடத்தும் சங்கரபாண்டியன் என்ற பேராசிரியர் கடைக்கு வந்தார். பன்னிரண்டு மூலிகை கேட்டவருக்குப் பன்னிரண்டோடு அவற்றின் முப்பது பெயர்களும் கிடைத்தன. அன்றிலிருந்து இந்த வட்டாரத்துச் செடிகளைக் காயவைத்துத் தாளில் தைத்து அவருக்கு அனுப்பும் வேலை சண்முகையாவுடையது.

பேராசிரியர் சொல்லிக்கொடுத்த விதி ஒன்றுதான். "செடியிலே தெரியுறத எழுத வேண்டாம். தெரியாததத்தான் சீட்டிலே எழுதணும்." பூவின் நிறம் காய்ந்தால் போய்விடும். உயரமும் மண்ணும் தாளில் தெரியாது. மனிதர்கள் அதைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதை எந்தச் செடியும் சொல்லாது.

இப்போது 1952, பங்குனி. பேராசிரியர் போன வாரம் கடிதம் போட்டிருந்தார். வட்டாரத்துச் செடிகளின் பட்டியலும் பயன்களும் சித்திரையில் புத்தகமாக அச்சாகப் போகின்றன. நித்தியகல்யாணி மட்டும் பூஞ்சை பிடித்துப் போனதால் புதிதாக ஒன்று வேண்டும். "சீட்டில் தாங்கள் முன்பு எழுதியது மிகச் சிறப்பு. அதையே பிரதி எடுத்து அனுப்பினால் போதும்" என்று பழைய சீட்டையும் உறைக்குள் வைத்திருந்தார்.

பழைய சீட்டு சண்முகையாவின் சொந்த எழுத்தில் மேசை மேல் கிடந்தது. அதன் கடைசி வரி: "பயன்: நீரிழிவுக்கு இலைக் கஷாயம். பன்னிரண்டு நாளில் குணம். கண்கூடு."

அவர் புதுச் சீட்டை எடுத்து மேலிருந்து நிரப்பத் தொடங்கினார்.

பெயர்: நித்தியகல்யாணி. பனவடலிசத்திரம் பக்கத்தில் சுடுகாட்டுமல்லி. கரிவலம்வந்தநல்லூரில் கல்லறைப்பூ. விஞ்ஞானப் பெயர் வின்கா ரோசியா.

பிறந்த நாடு: மடகாஸ்கர் தீவு. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே. தோட்டத்தில் அழகுக்கு வைத்தது தப்பி வெளியே பரவியது.

இதைப் பேராசிரியர் முதலில் சொன்னபோது சண்முகையா நம்பவில்லை. ஆடு கடிக்காமல், தண்ணீர் கேட்காமல், சுடுகாட்டிலும் இடிந்த சுவரிலும் தானாக முளைக்கிற செடி அசலூர்ச் செடியா? வீட்டுக்கு வந்து மனைவி கோமதித்தாயிடம் சொன்னார். அவள் ஒரு பழைய தகரத்தில் அதை வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள், "ஏட்டி, சுடுகாட்டுப்பூவப் போயி வீட்டுல வச்சிருக்கியே, ஒனக்கு வேற பூவே கெடைக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். "சித்திரை வெயில்ல ஒங்க மல்லிகை பூக்கட்டும், அப்பம் பேசுவோம்" என்பாள் கோமதித்தாய். மடகாஸ்கர் கதையைக் கேட்டதும் சிரித்தாள்.

"கடல் தாண்டியா வந்திருக்கு? பாவம். அதான் எங்க எடம் கெடச்சாலும் ஒட்டிக்கிடுது. எது சுடுகாடு, எது வீடுன்னு அதுக்கு என்ன தெரியும்?"

எடுத்த இடம்: சங்கரன்கோவில், வீட்டுப் புறக்கடை, துவைகல் ஓரம். தானாக முளைத்தது.

மண்: சாம்பல் கலந்த செம்மண்.

அந்த வரியில் பேனா சற்று நின்றது.

1950 ஆடியில் கோமதித்தாய்க்குத் தாகம் தொடங்கியது. குடத்துத் தண்ணீர் போதவில்லை. ஜாக்கெட் தோளிலிருந்து நழுவும் அளவுக்கு மெலிந்தாள். துவைகல் ஓரத்தில் அவள் சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. திருநெல்வேலி டாக்டர் பார்த்து, நீரிழிவு, தினமும் ஊசி போட வேண்டும், ஆயுள் முழுக்க என்றார். ஊசிமருந்துக் குப்பியை ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். காலையில் கம்பவுண்டர் செல்லச்சாமி வந்து போடுவார். வாரம் ஒருமுறை சிறுநீரை நீலத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சிப் பார்ப்பார். நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது, செங்கல் நிறமானால் சர்க்கரை.

ஒரு மாதம் போயிற்று. ஒரு நாள் ஊசி போட்டு முடிந்ததும் கோமதித்தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தொடையெல்லாம் கன்னிப்போச்சு. ஒங்க கடையில ஊருக்கே மருந்து இருக்கு. பொண்டாட்டிக்கு மட்டும் ஊசியா?"

பத்து வருடமாக அவர் கையாலேயே நித்தியகல்யாணி இலையை நீரிழிவுக்காரர்களுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார். கேட்டதைக் கொடுத்ததைத் தவிர, என்ன ஆயிற்று என்று பார்த்ததில்லை. இப்போது பார்க்கலாம் என்று தோன்றியது. அவள் வைத்த செடியிலிருந்தே ஏழு இலை. இரண்டு ஆழாக்குத் தண்ணீர் அரை ஆழாக்காகச் சுண்ட வேண்டும். வெறும் வயிற்றில். ஒரு நோட்டுப்புத்தகம் போட்டுத் தினமும் எழுதினார். ஒன்றாம் நாள், எறும்பு உண்டு. இரண்டாம் நாள், உண்டு. பத்தாம் நாள்வரை உண்டு. பதினோராம் நாள் பிள்ளையார் சதுர்த்தி, அன்று காலையிலும் உண்டு. பன்னிரண்டாம் நாள், இல்லை. பதின்மூன்று, இல்லை. பதினான்கு, ஒற்றை எறும்புகூட இல்லை.

ஊசியை நிறுத்தினார். அதுவரை ஊசியும் போட்டுக்கொண்டுதான் கஷாயம் கொடுத்திருந்தார்.

"அவசரப்படாதீரும் வே. நீலத் தண்ணியில ஒருக்க காய்ச்சிப் பாத்துக்கிடுவோம்" என்றார் செல்லச்சாமி.

"ஒம்ம தண்ணி வேணும்னா பொய் சொல்லும். எறும்பு பொய் சொல்லாது வே."

கடைத்தெருவில் நாலு பேர் கேட்கச் சொன்னார். அன்று மாலையே முதல் சீட்டை எழுதித் தபாலில் சேர்த்தார். அமுக்கி நான்கு நாளே ஆகியிருந்த செடியையும் கூடவே அனுப்பினார், அவ்வளவு அவசரம். ஊசி நிறுத்திய ஐந்தாம் நாள் கோமதித்தாய் வாந்தியெடுத்தாள். மூச்சு வேகமாக வாங்கியது, அழுகிய பழத்தின் வாடை அடித்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோக வண்டி பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. காய்ச்சல் கண்டு போய்விட்டாள் என்று கேட்டவர்களிடம் சொன்னார் சண்முகையா. கஷாயம் நோயைத் தீர்த்துவிட்டது, வேறு ஏதோ வந்து கொண்டுபோய்விட்டது என்று அவரே அப்போது நம்பினார்.

முப்பதாம் நாள் விசேஷத்துக்குப் புறக்கடையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள் மாடத்தி. கோமதித்தாயின் தங்கை. பக்கத்துத் தெருவில் குடியிருந்து அக்காவின் கடைசி இரண்டு மாதமும் துணிதுவைத்து, சோறு பொங்கிப் போட்டவள். ஒரு முறம் நிறைய அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து துவைகல் ஓரத்தில் விசிறினாள்.

"அங்கன எதுக்குச் சாம்பல்?" என்றார் சண்முகையா.

"பழக்கத்துல போட்டுட்டேன் அத்தான். அக்காவுக்கு எறும்பு கடிச்சுக் காலெல்லாம் தடிச்சுப்போச்சு. தெனமும் ரெண்டு மொறம் போட்டுருவேன். சாம்பல் கெடந்தா எறும்பு அண்டாதுல்லா."

"எப்பலருந்து போடுத?"

"பிள்ளையார் சதுர்த்தியிலருந்து. கொழுக்கட்டை அவிச்ச அடுப்புச் சாம்பல் நெறைய கெடந்துச்சு, அள்ளிக் கொட்டுனேன். ஏன் அத்தான்?"

"ஒண்ணுமில்ல" என்றார்.

உள்ளே போய் நோட்டுப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். பார்க்கத் தேவையிருக்கவில்லை. புறக்கடையில் சாம்பல் தெளிக்காத வீடு ஊரில் கிடையாது. எறும்பை எண்ணிய அவர் தரையைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு யார் வந்து அந்த இலையைக் கேட்டாலும், தீர்ந்துபோச்சு என்று சொல்லிவந்தார். காரணம் சொல்லவில்லை. சொன்னால் சாம்பல் வரைக்கும் சொல்ல வேண்டும், அது மாடத்தியின் காதுக்குப் போகும். இந்த ஒன்றரை வருடமும் மத்தியானச் சாப்பாடு அவள் கையால்தான் வந்துகொண்டிருந்தது.

பேராசிரியரின் கடிதம் வந்த மறுநாள் பாய்க்கடை கபீர் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, உம்மாவுக்குச் சீனி நோய். நித்தியகல்யாணி எலை குடுங்க."

"தீர்ந்துபோச்சு கபீரு."

"தீர்ந்தா என்ன? எங்க மையவாடில கல்லறைக்கு நடுவுல பாய் விரிச்சாப்ல கெடக்கு, நானே பறிச்சுக்கிடுதேன். அளவ மட்டும் சொல்லுங்க. நேத்தோட ஊசியையும் நிறுத்தியாச்சு. பாவம் உம்மா, 'ஊசின்னா ஜெய்னபு கொழந்த மாதிரி அழுதா'ன்னு தெருவே சிரிக்கி."

"ஊசிய நிறுத்தாத."

"இது நல்லா இருக்கே! எறும்பு பொய் சொல்லாதுன்னு கடத்தெரு முழுக்கக் கேக்கச் சொன்னது நீங்கதான? ஊருக்கெல்லாம் குடுத்திய, எங்க உம்மாவுக்கு மட்டும் கையடைச்சுக்கிட்டிய?"

சண்முகையா தராசைக் கீழே வைத்தார்.

"அதக் குடிச்சுத்தான் என் வீட்டுக்காரி போனா கபீரு."

"அவங்க காய்ச்சல்லல்லா மவுத்தானாங்க?"

"காய்ச்சல்னு சொன்னது நாந்தான். ஊசிய நிறுத்துனதும் நாந்தான். போ. போயி செல்லச்சாமியக் கூட்டிட்டு வீட்டுக்கு ஓடு."

கபீர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஒரு கபீரைத் திருப்பி அனுப்பலாம். அச்சான புத்தகத்தைப் பிரித்துப் படிப்பவர்கள் அவர் கடைக்கு வந்து கேட்டுவிட்டுப் போகப் போவதில்லை.

நிறம்: இளஞ்சிவப்பு, நடுவில் அடர்சிவப்புப் பொட்டு. காய்ந்தபின் நிற்காது.

பயன் என்ற சொல்லை எழுதி நிறுத்தியிருந்தபோது மாடத்தி தூக்குச்சட்டியோடு வந்தாள். மேசை மேலிருந்த செடியைக் குனிந்து பார்த்தாள்.

"அக்கா செடில்லா இது! தகரத்துல இருந்தது பட்டுப்போனாலும், வித விழுந்து கல்லோரத்துல மொளச்சிருக்கே, அதுதான அத்தான்?"

"அதுதான்."

"இவ்வளவு நேரமா என்னத்த எழுதுதிய?"

அவளுக்கு எழுத்து தெரியாது. சீட்டை மறைக்க வேண்டியதும் இல்லை.

"பூ என்ன நெறம்னு."

"பாத்தாத் தெரியாதா?"

"காஞ்சா தெரியாதுல்லா."

"சரி, ஆறிப்போவும், சாப்புடுங்க" என்று சட்டியைத் திறந்து வைத்துவிட்டு, புறக்கடைக்கு முறத்தோடு போனாள்.

சாம்பல் விசிறும் சத்தம் கேட்கும்வரை இருந்துவிட்டு எழுதினார். "ஒருவருக்கு" என்று முதலில் வந்தது. அது சரியான குறிப்பு இல்லை. அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு, வேறொன்று எடுத்துப் பெயரிலிருந்து திரும்ப எழுதினார்.

"பயன்: ஆடு மாடு கடிக்காது. நீரின்றிப் பூக்கும், அழகுக்கு வைக்கலாம். நீரிழிவுக்கு இலைக் கஷாயம் தருவது இவ்வூர் வழக்கம். என் மனைவி கோமதித்தாய்க்கு, வயது முப்பத்திரண்டு, பதினான்கு நாள் தந்தேன். எறும்பு மொய்க்காததைக் கொண்டு குணம் என்றேன். அந்த இடத்தில் சாம்பல் இருந்தது, நான் கவனிக்கவில்லை. ஊசி மருந்தை நிறுத்தினேன். கஷாயம் தொடங்கிய பத்தொன்பதாம் நாள் இறந்தாள். இந்தக் கஷாயத்தை நம்பி ஊசியை நிறுத்தக் கூடாது. முன் சீட்டு தவறு. எழுதியவன், சண்முகையா."

சாம்பலை யார் போட்டது என்று எழுதவில்லை. அது செடியைப் பற்றிய செய்தி அல்ல.

மறுநாள் காலை தென்காசி வண்டி ஸ்டேஷனில் நின்றது. மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பேராசிரியர், கடிதத்தில் எழுதியிருந்தபடியே, மூன்றாம் வகுப்புப் பெட்டியின் வாசலில் நின்று கை காட்டினார். சண்முகையா இரண்டு அட்டைகளுக்கு நடுவே கட்டிய தாளை வளையாமல் மார்போடு பிடித்தபடி வேகமாக நடந்தார்.

"வாங்க, வாங்க. ஒங்க செடிக்காகத்தான் அச்சாபீஸ்ல வேலை நிக்குது. பழைய சீட்டையே பிரதி எடுத்தாச்சா?"

"இல்லைங்கய்யா. மாத்தி எழுதியிருக்கேன்."

"ஏன்? அதுதான் ஒங்க சீட்டுலயே நல்ல சீட்டு. கண்கூடுன்னு எழுத எத்தன பேருக்குத் தைரியம் வரும்?"

"அச்சுக்குக் குடுக்குறதுக்கு முந்தி இதப் படிக்கணும்யா. கடைசி வரி வரைக்கும் படிக்கணும். இதுல எழுதுனபடியே போடணும்."

கார்டு பச்சைக்கொடியை உயர்த்தினார். பேராசிரியர் சண்முகையாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். சண்முகையா அட்டையை மட்டமாக ஏந்தி உயர்த்தினார். அந்தப் பக்கத்து விளிம்பைப் பேராசிரியர் பிடித்துக்கொண்டாரா என்று பார்த்து வலது கையை எடுத்தார். வண்டி அசைந்தது. இரண்டு எட்டு கூடவே நடந்து, இடது கையையும் எடுத்தார்.