பௌர்ணமி பார்க்காமல் வேங்கிக்காலுக்குப் பாடப் போனோம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் திருவண்ணாமலைக்குப் போனோம். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புதிதாக எழும்பிய வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன சபை இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் பாடல்களை நடத்த அவர்களிடம் ஆள் இல்லை என்று எங்கள் சபையிடம் கேட்டிருந்தார்கள். இதுபோல வெளியூர் ஊழியத்துக்குப் போகிற பாடகர் குழுக்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். நடுநடுவே என் வயிற்றெரிச்சலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேர் என்றால், பாடல்களை நடத்தும் நான், கீபோர்டு வாசிக்கும் பிரவீன், எனக்குத் துணையாகப் பாடும் ஷீபா. ஷீபா குழுவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. குரல் நன்றாக இருக்கும். சரி, மிக நன்றாகவே இருக்கும். ஆராதனை முடிந்ததும் இப்போதெல்லாம் ஆட்கள் என்னைத் தாண்டிப் போய் அவளிடம் கைகுலுக்குகிறார்கள். அது போதாதென்று, அவளுக்கு எல்லாம் கேட்காமலே கிடைக்கும். நான் தேவைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முழங்காலில் நிற்பேன். அவள் "ஆண்டவர் பாத்துப்பார் அக்கா"னு சொல்லிவிட்டுத் தூங்கப் போவாள். காலையில் காரியம் நடந்திருக்கும்.

அதனால் இந்தப் பயணத்துக்கு முன் ஒரு வேலை செய்தேன். எல்லாப் பாட்டையும் ஈ ஸ்கேலில் வைத்தேன். எனக்கு அது பழகிய உயரம். ஷீபாவின் குரலுக்கு அதைவிட நான்கு படி கீழே இருக்கும் சி ஸ்கேல்தான் சரி. ஈயில் வைத்தால் உச்சத்துக்குப் போகும் இடங்களில் அவள் வாயை மட்டும் அசைக்க வேண்டியதுதான். பிரவீன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்கேலைக் குறித்துக்கொண்டான்.

கிளாம்பாக்கத்தில் 11.15க்கு பஸ். ஆளுக்கு 155 ரூபாய். திண்டிவனம், செஞ்சி வழியாகப் போகிறது. கூட்டம் நெரிந்தது. சனிக்கிழமைதானே என்று நினைத்துக்கொண்டேன். ஷீபாவுக்கு ஒரு பெரியவர் எழுந்து ஜன்னல் சீட் கொடுத்தார். நான் செஞ்சி வரை கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கீழ்பென்னாத்தூரில் இன்னும் ஒரு கூட்டம் ஏறியபோதுதான் கண்டக்டர், "பஸ் ஊருக்குள்ள போவாதுங்க, செஞ்சி ரோட்டுலயே எறக்கிடுவோம். இன்னிக்கு பௌர்ணமி" என்றார்.

எங்கள் வீட்டுக் காலண்டரில் தினம் ஒரு வசனம் இருக்கும், பௌர்ணமி இருக்காது. கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும் நாளாகத் தேடிப் பிடித்துத் தேதி கொடுத்திருக்கிறோம். அழைத்த சபைக்காரர்களாவது சொல்லியிருக்கலாம். கேட்டால், உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்களாம்.

ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையத்தில் நான்கு மணிக்கு இறங்கினோம். கையில் கீபோர்டு, ஸ்டாண்டு, மூன்று பைகள். ஆட்டோக்காரர்களிடம் போனேன்.

"வேங்கிக்காலா? வழியெல்லாம் அடைச்சிட்டாங்க. சுத்திதான் போவணும். எட்நூறு ஆவும்."

"கம்மி பண்ணுங்கண்ணா, ஊழியத்துக்கு வந்திருக்கோம்."

"ஊழியமோ கிரிவலமோ, பெட்ரோல் ஒண்ணுதாங்க."

ஒலிபெருக்கிச் சத்தத்துக்கும் கூட்டத்தின் இரைச்சலுக்கும் மேலே கத்திக் கத்தி, அரை மணி நேரம் ஒவ்வொரு ஆட்டோவாகப் பேரம் பேசினேன். எவரும் இறங்கி வரவில்லை. திரும்பி வந்தால் ஷீபா கீபோர்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். கீழ்பென்னாத்தூர்க்காரர்களாம், மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பம். கிரிவலம் நடக்க வந்தவர்கள். அந்த அம்மாவின் கணவர் என்னிடம், "வேங்கிக்கால்ல மச்சான் வீட்டுல வேன வுட்டுட்டுதாங்க நடக்கப் போறோம். ஏறிக்குங்க" என்றார்.

வெளிவட்டச் சாலை வழியாக முக்கால் மணி நேரம். இறங்கும்போது பணம் நீட்டினேன். "சாமிக்குப் பாடப் போறீங்க, உங்ககிட்ட காசு வாங்குவாங்களா?" என்று என் கையை மடக்கிவிட்டார். ஷீபா என் காதருகே, "நான் சொல்லல? அனுப்பிட்டார் பாத்தீங்களா" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. குரல் மொத்தமும் ஆட்டோ ஸ்டாண்டில் போயிருந்தது.

பையில் தேன் வைத்திருந்தேன், குடித்தேன். வெந்நீர் குடித்தேன். தொண்டைக்காக ஜெபித்தேன், பாட்டு நடத்தும் என் மைக் ஷீபாவிடம் போகக் கூடாது என்பதையும் உள்ளுக்குள் சேர்த்தே ஜெபித்தேன். அவள் சேலைக்குக் குத்தப் பின் கேட்டாள், கொடுத்தேன். சார்ஜர் கேட்டாள், கொடுத்தேன். கடைசியில் என் தேனையும் கேட்டாள்.

ஞாயிறு காலை 9.30. நாற்பது பேர் இருப்பார்கள். முதல் பாட்டின் முதல் வரியிலேயே என் குரல் உடைந்தது. முன் வரிசைப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஷீபா மைக்கை எடுக்கவில்லை, என்னைப் பார்த்தபடி நின்றாள். பிரவீனும் என்னைத்தான் பார்த்தான். ஈயிலேயே விட்டால் அவள் திணறுவாள், நான் மட்டும் தோற்றதாக இருக்காது. அந்த நினைப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். சபையோ பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

கையைப் பின்னால் கொண்டுபோய் நான்கு விரலைக் கீழே காட்டினேன். நாங்கள் மேடையில் பேசும் பாஷை அது, அத்தனை படி இறக்கு என்று அர்த்தம். பிரவீன் சட்டென்று சி ஸ்கேலுக்கு வந்தான். ஷீபா பாடினாள். இரண்டாவது அடியில் சபையும் சேர்ந்தது. ஆண்கள்கூட வாய்விட்டுப் பாடினார்கள். பதினோரு வருடமாகப் பாட்டு நடத்துகிறேன், ஜனங்கள் இப்படிப் பாடி நான் கேட்டதில்லை. ஈயில் அவர்களுக்கும்தான் எட்டாது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

நடுவில் ஷீபா சாட்சி சொன்னாள். "நான் எங்க போனாலும் வெறுங்கையோட போவேன். பின்னு, சார்ஜரு, தேன், எல்லாம் அக்கா பையில இருக்கும். எனக்கு வேணுங்கறத ஆண்டவர் அங்கதான் வெச்சு அனுப்புவார்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன, இவளுக்குச் சுமை தூக்கவா பிறந்தேன்? பிறகுதான் உறைத்தது. நான் கேட்டது தொண்டை. அவர் கொடுத்தது ஷீபாவை. அவளையும் நான்தான் டிக்கெட் போட்டுக் கூட்டி வந்திருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தேதி கொடுக்கும் முன் பௌர்ணமி பாருங்கள். பௌர்ணமியில் போயே ஆக வேண்டுமென்றால் மதியத்துக்குள் ஊருக்குள் போய்விடுங்கள், இல்லாவிட்டால் பெட்டியோடு நடக்க வேண்டியிருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோங்கள், சின்ன சபைகளில் ஒரே ஒரு பிளக்தான் இருக்கும். ஆட்டோ ஸ்டாண்டில் குரலைச் செலவு செய்யாதீர்கள். பாட்டின் ஸ்கேலை வந்திருக்கும் ஜனத்துக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள்.

இந்த ஞாயிறு எங்கள் சொந்த சபை. தொண்டை சரியாகிவிட்டது. பாட்டு தொடங்கும் முன் பிரவீன் என்னைப் பார்த்தான். கையைப் பின்னால் கொண்டுபோய் விரலைக் கீழே காட்டினேன். மூன்று விரல். நான்காவதற்கு இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.