மாமா வெளியிடாத பாட்டு

என் மாமா, அம்மாவின் தம்பி, கோலாலம்பூருக்குப் போய்ப் பெரிய பாடகரான பிறகு, பள்ளிப் பேருந்தில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வானொலியில் அவர் பாட்டு வந்தால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பாடியதே நான்தான் என்பதுபோல் உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தீபாவளி விடுமுறைக்கு அவர் கூலாயில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்பு செனாய் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது எங்களோடுதான் தங்கியிருந்தார். அப்போது பின்னறையில் அவர் பதிவுசெய்த பாட்டுகள் பழைய கணினியில் அப்படியே கிடந்தன. வெளியே வராத அவற்றில் நல்லதைப் பொறுக்கி ஒரு தொகுப்பு போடப்போகிறாராம். பொறுக்கும் வேலையில் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

ஒன்றில் வரி மறந்து சிரித்தார். இன்னொன்றில் தலைக்கு மேல் சுற்றிய காற்றாடியின் சத்தம் அவரைவிட நன்றாகக் கேட்டது. நான் நீதிபதியைப்போல், "வேணாம், இதுவும் வேணாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

பிறகு ஒரு மெதுவான பாட்டு. அழகாகப் போய்க்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு குழந்தை வீறிட்டது. உடனே ஓர் ஆண்குரல்: "அழாத பாப்பா, மாமா பாடுறாரு லா. அப்பா இருக்கேன்ல."

அழுதது நான்! வெட்கத்தில் காது சுட்டது. "அழிச்சிடுங்க மாமா, யாராச்சும் கேட்டா சிரிப்பாங்க" என்று நானே மவுஸைப் பிடித்தேன்.

"கை வைக்காத!"

அடுப்படியிலிருந்து அம்மா ஈரக்கையோடு ஓடிவந்திருந்தார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"மச்சான் குரல் இதுல இருக்குன்னு எனக்கே ஞாபகம் இல்லக்கா" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

நான் நடக்கப் பழகும் முன்பே அப்பா சாலை விபத்தில் போய்விட்டார். எனக்கு அவர் கூடத்துச் சுவரில் சிரிக்கும் ஒரு படம், அவ்வளவுதான். அந்தப் படத்துக்கு ஒரு குரல் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "இன்னொரு தடவ போடு தம்பி."

மாமா அதைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. அம்மாவின் கைபேசியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் அம்மா சமைக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டுதான். நான் அழும் இடம் வந்ததும் சத்தத்தைக் கூட்டுவார். என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து, கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன்.